ஆள் இல்லாத வாக்கியங்கள்

பழைய பெட்டியைக் காலி செய்தபோது அந்த மளிகை நோட்டு கிடைத்தது. துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் கவிதைகள். கணக்கு நோட்டை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், மணவாழ்க்கையின் ஏழு வருடங்களில் எழுதியவை.

மகள் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு கேட்டாள்: "யாரும்மா அடிச்சது? எல்லாத்துலயும் அடி விழுது, வளையல் உடையுது. ஆளே இல்லையே?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். "அடி விழுந்தது." "வளையல் உடைந்தது." "இரவு கழிந்தது." தமிழில் இது ரொம்பச் சுலபம். உடைத்ததை உடைந்தது ஆக்க ஒரு மெய்யெழுத்தை மாற்றினால் போதும். யார் உடைத்தது என்று இலக்கணமும் கேட்காது, ஊரும் கேட்காது.

நான் மட்டுமா அப்படிப் பேசினேன்? உதடு கிழிந்து முதல் முறை பிறந்த வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னது: "ஏதோ கோவத்துல கை நீண்டுடுச்சு போல. பொறுத்துப் போம்மா." கை தானாக நீண்டதாம்! அக்கம்பக்கத்தில் நானே "கதவு இடிச்சிருச்சு" என்றேன். அப்பாவிடம் துணிந்து சொன்ன அன்றும் "அவரு அடிச்சாரு" என்றுதான் வாயில் வந்தது. அடிக்கும் மரியாதை விகுதி போட்டேன்.

அந்த வருடங்களில் பெண்கள் எந்தச் சொல்லை எழுதலாம் என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது தலைப்பே பிரச்சினையானது. எனக்குச் சிக்கல் பெயர்ச்சொல்லில் இல்லை, வினைச்சொல்லில்.

சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' நூலகத்தில் கிடைத்தது அப்போதுதான். துவரங்குறிச்சியில் சிறுமியாக இருந்தபோதே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் அடைபட்டு, மணமான பிறகும் ஒளித்து ஒளித்து எழுதியவர். சல்மா என்பதே வீட்டார் கண்ணில் படாமலிருக்க அவர் வைத்துக்கொண்ட பெயர். மறைந்துகொள்ள எடுத்த பெயரில்தான் பிறகு எல்லோரும் அவரை அறிந்தார்கள். அந்த ஒளிவுக்குள் இருந்தும் அவர் 'நான்' என்று எழுதினார். எனக்கும் ஒளிவிடம் இருந்தது. ஆனால் அதற்குள்ளும் நான் இல்லை.

கவிதை என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். 2005இல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஒரு நாள், இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு வழக்கறிஞர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இப்படி எழுதினா செல்லாதும்மா. யார், எப்போ, எதால அடிச்சார்னு எழுதுங்க." என் வாக்கியங்களுக்கு முதன்முதலாக எழுவாய் வந்தது அந்த மனுவில்தான். எழுதி முடிக்க மூன்று நாளானது. கை நடுங்கியது. இல்லை, எனக்குப் பயமாக இருந்தது.

"இப்பவாவது மாத்தி எழுதுங்கம்மா" என்று மகள் பேனாவை நீட்டினாள். 'வளையலை உடைத்தான்' என்று எழுதிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை மனுவிலேயே சொல்லியாயிற்று. மீதமிருந்த பக்கங்களையும் அவனுக்கே கொடுக்க எனக்கு மனசில்லை. அடித்துவிட்டேன். பழைய கவிதைகளை அப்படியே விட்டேன். அன்றைக்கு நான் இருந்த இடத்துக்கு அவை சாட்சி.

வெற்றுப் பக்கம் ஒன்றில் புதிதாக எழுதினேன். நேற்று வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் தனியாக நின்று டீ குடித்ததைப் பற்றி. நின்றேன், குடித்தேன், சில்லறை வாங்காமல் வந்தேன்.

மகள் படித்துவிட்டு, "இது கவிதையாம்மா?" என்றாள்.

"தெரியலை. ஆனா இதுல ஆள் இருக்கு."