குழிக்கு வராத இயந்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாக்கம் குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பிலிருந்து எங்களிடம் படித்த தங்கை ஒருத்தி வந்து நின்றாள். அவள் வீட்டின் முதல் பட்டதாரி. அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறாள்.

"அக்கா, நாங்க எட்டு பேர் பாத்த வேலைய இனிமே ஏஐ பாக்குமாம். அது தப்பு பண்ணா திருத்த ரெண்டு பேர் போதுமாம். மத்தவங்க நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்கன்னு எச்.ஆர்.ல சொல்றாங்க. ஆறு மாசமா அதோட தப்பையெல்லாம் திருத்திக் குடுத்ததே நாங்கதான்."

அவளை அழைத்துப்போக வந்த அப்பா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரரிடம் கழிவுநீர் அடைப்பெடுக்கும் வேலை அவருக்கு. "என்னாம்மா இது, குழிக்குள்ள எனக்குப் பதிலா எறங்க மிஷின் வர்ல. ஏசி ரூம்ல உனக்குப் பதிலா குந்த வந்துட்ச்சா?" என்றார்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, அவர் கேட்டதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993ல் ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ல் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது, சாவு நிற்கவில்லை.

இதற்கு இயந்திரமே கிடையாதா? கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' ரோபோ 2018லேயே பாதாளச் சாக்கடையில் இறங்கிவிட்டது. ஆக, அறிவியல் கைவிட்டதால் நம் ஆட்கள் குழிக்குள் இறங்கவில்லை. சம்பளம் மிச்சமாகும் இடத்துக்குத்தான் முதலாளி இயந்திரத்தைக் கொண்டுவருகிறார். சாதி நம் உயிரை மலிவாக வைத்திருக்கும் இடத்தில் இயந்திரத்துக்குச் செலவு செய்ய அவருக்கு அவசரமில்லை.

அதற்காக நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. அண்ணல் அம்பேத்கரும் எதிரி அல்ல. காந்தியத்தின் இயந்திர எதிர்ப்பை அவர் 1945ல் வெளிவந்த நூலில் கடுமையாக மறுத்தார். மனிதருக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும், தீமை இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடாததையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். நூலை வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததால், நம் எச்சில் தீட்டு என்றார்கள். இயந்திரம் நவீனமாக இருந்தது, அதன் முன் யார் நிற்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது.

இன்றைக்கு அரசு வேலைகள் ஒப்பந்தமாகிக்கொண்டிருக்கின்றன. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போடப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு இந்தக் கணினி வேலைதான் திறந்த முதல் கதவு. வேலை போனால் உதவ அவளுக்கு நிலமில்லை, வெளிநாட்டில் மாமா இல்லை, சிபாரிசுக்கு ஆளில்லை. வேலைநீக்கம் எல்லோருக்கும் வலிதான். ஆனால் விழும் உயரம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

அன்று இரவு அவளிடம் நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. அவர்கள் நீக்கினால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் தர வேண்டும். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவர 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. "நீங்கள் தொழிலாளர் அல்ல, எக்சிகியூட்டிவ்" என்று நிர்வாகம் சொல்லும். பதவிப் பெயரைக் கண்டு மயங்காதீர்கள், செய்யும் வேலை என்ன என்பதே கணக்கு. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

மறுநாள் அவள் எச்.ஆரிடம், "நீங்க சொல்றத எழுத்துல குடுங்க," என்று கேட்டாள். இதுவரை கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடாத நான்கு பேர் இப்போது அவளோடு இருக்கிறார்கள். வரும் வாரம் அவர்களோடு தொழிலாளர் நலத்துறை அலுவலகம் போகிறோம். அவள் அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மகளின் மனுவோடு தன் மனுவையும் சேர்த்து எழுதச் சொன்னார். குழிக்கு இயந்திரம் கேட்டு.

இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஜெய்பீம்.