தூணருகே நின்ற பாடகி

சென்ற கிழமை பழைய ஆங்கிலப் படமொன்றைப் பார்த்தேன். எம்.ஜி.எம். நிறுவனத்தார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுத்த படம். கதை ஓடிக்கொண்டிருக்கிறது. திடுமென ஒரு பெண் தோன்றுகிறாள், தூணருகே நிற்கிறாள், பாடுகிறாள். பாட்டா அது! பகட்டில்லை, பதற்றமில்லை, பக்கத்தில் அமர்ந்து பேசுவது போன்ற குரல். பாட்டு முடிந்ததும் அவள் மறைகிறாள். அவளிடம் எவரும் ஒரு சொல் பேசவில்லை. அவளும் எவரிடமும் பேசவில்லை. கதைக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஏன் இந்த விந்தை? விடை தெரிந்தபோது, படம் பார்த்த இன்பம் பறந்தே போயிற்று.

வெட்டி எறிய வசதியாக அப்படி எடுத்தார்களாம்! அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே, கருநிறப் பெண்ணொருத்தி பட்டாடை உடுத்தி, தலைநிமிர்ந்து நின்று பாடும் காட்சியைப் பொறுக்காத கொட்டகைகள் இருந்தன. அங்கே அந்தச் சுருளை மட்டும் நீக்கிவிடலாம், கதை கெடாது. வடக்கே அவள் குரலுக்குக் கைதட்டல், தெற்கே அவள் உருவத்துக்குக் கத்தரிக்கோல்!

அவர்தான் லீனா ஹார்ன். 1917-இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் பிறந்தவர். உரிமைக் கிளர்ச்சியில் ஈடுபட்டிருந்த பாட்டி, பேத்திக்கு இரண்டு வயதாகும்போதே கருநிறத்தார் முன்னேற்றச் சங்கத்தில் அவரை உறுப்பினராக்கினார். 16 வயதில் ஹார்லெமின் காட்டன் கிளப் எனும் கேளிக்கை விடுதியில் ஆடல் மகளிருள் ஒருவரானார். மேடையில் ஆடியவர் கருப்பர். மேசையில் அமர்ந்து குடித்துக் களித்தவர் வெள்ளையர். ஆடலாம், பாடலாம், அமரலாகாது! நந்தனை வாயிலிலே நிறுத்திய நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

நோபிள் சிசிலின் ஜாஸ் குழுவில் பாடினார்; சார்லி பார்னெட் என்ற வெள்ளையரின் குழுவிலும் பாடினார். 1942-இல் எம்.ஜி.எம். அழைத்தது. வேலைக்காரி வேடம் தரக்கூடாது என்றார் லீனா. கருநிற நடிகையருக்கு அதைவிட்டால் வேறு வேடம் அரிதாக இருந்த காலம் அது! வேலைக்காரி வேடம் தரவில்லை, தூணைத் தந்தார்கள்.

‘ஷோ போட்’ எனும் இசைநாடகத்தில் ஜூலி என்றொரு பாத்திரம். கலப்பினத்தில் பிறந்ததை மறைத்து வாழ்ந்து, உண்மை வெளிப்பட்டதால் துரத்தப்படுபவள். 1946-இல் வந்த வேறொரு படத்தில், அந்த நாடகத்தின் ஒரு பகுதியில் ஜூலியாக நின்று லீனா பாடினார். 1951-இல் நாடகம் முழுவதையுமே படமாக்கியபோது ஜூலி வேடம் வெள்ளை நடிகை ஆவா கார்ட்னருக்குப் போயிற்று. தமக்கெனக் கலந்த முகப்பூச்சையே பின்பு வெள்ளை நடிகையருக்குப் பூசிக் கருப்பராக்கிக் காட்டினார்கள் என்று லீனா பிற்காலத்தில் சொன்னார். பூச்சு வேண்டும், பூசியவள் வேண்டாம்!

இதை நண்பரொருவரிடம் சொன்னேன். “பாட்டுக்குக் காசு வந்தது, பேர் வந்தது, பின்னும் ஏனையா மனத்தாங்கல்?” என்றார். அவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

போர்க்காலம். படைமுகாம் ஒன்றில் வீரர்களுக்காகப் பாடச் சென்றார் லீனா. முன்வரிசையிலே வெள்ளைத்தோல் கொண்டோர். அவர்களுக்குப் பின்னே கருநிறப் படைவீரர்கள். முன்னே இருப்போர் யார் என்று கேட்டார். ஜெர்மன் போர்க்கைதிகள்! இட்லரின் படையில் நின்று அமெரிக்கரைச் சுட்டவருக்கு முன்னிடம். அமெரிக்காவுக்காக உயிர் கொடுக்கச் சேர்ந்தவருக்குப் பின்னிடம். மேடையை விட்டு இறங்கினார் லீனா. கைதிகளைக் கடந்து சென்று, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தம் மக்களின் முகம் பார்த்துப் பாடினார். அந்தச் சுற்றுப்பயணத்தையும் உதறினார். பிறகு தம் கைப்பணத்தில் பயணம் செய்து வீரர்களுக்குப் பாடினார்.

நண்பர் பேசவில்லை.

பால் ராப்சனோடு கொண்ட நட்பும் குற்றமாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் திரையும் தொலைக்காட்சியும் கதவடைத்தன. இரவு விடுதி மேடைகளே அவருக்குப் பாசறையாயின. 1957-இல் பிராட்வேயில் ‘ஜமைக்கா’ இசைநாடகத்தின் நாயகியானார். 500-க்கும் மேற்பட்ட காட்சிகள் நடந்தன. அங்கே எந்தக் கத்தரிக்கோலும் எட்டவில்லை. 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் நின்றார்.

1981-இல், 63 வயதில், தம் வாழ்வையும் இசையையும் தாமே சொல்லும் நிகழ்ச்சியை பிராட்வேயில் தொடங்கினார். 333 காட்சிகள், 65-ஆம் பிறந்தநாளன்று நிறைவு. 2010-இல் மறைந்தார். 2022-இல் பிராட்வே அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். கருநிறப் பெண்ணொருவரின் பெயர் அங்கே ஓர் அரங்குக்கு வந்தது அதுவே முதன்முறை.

அந்த 1981 நிகழ்ச்சியின் இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. 1943 படத்தில் அவருக்குப் புகழ் தந்த ‘ஸ்டார்மி வெதர்’ பாட்டை அதிலே இருமுறை பாடுகிறார். முதல்முறை, இளமையில் பாடியதுபோல அடக்கமாக, அளவோடு, அழகாக. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் மீண்டும் அதே பாட்டு. குரல் கிழிகிறது, எழுகிறது, சினக்கிறது, சிரிக்கிறது. முதலில் பாடியவரா இவர் என்று ஐயுற வைக்கிறது.

நண்பரை வீட்டுக்கு அழைத்து இரண்டையும் கேட்கவைத்தேன். முடிந்ததும், இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார்.