நிலையத்துப் பெட்டகத்தில் ஓர் அமானிதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலைகளை நாடி வரும் வடநாட்டு இளைஞர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது வேலையையன்று. கையிலுள்ள மூட்டையை இறக்கி வைக்க ஓர் இடத்தைத்தான். ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் மாலையில்தான் வருவார். அதுவரை பீகாரிலிருந்து தூக்கி வந்த பையுடன் வாயில் வாயிலாக ஏறி இறங்க இயலுமோ? தேநீர்க் கடைக்காரர் சிலர் மனமிரங்கி வைத்துக்கொள்வர். முஸ்லிம் பிள்ளைகளாயின் பள்ளிவாசலை விசாரித்துக்கொண்டு வருவர். அவ்வாறு வந்த பைகள் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் கிதாபு அலமாரிக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்றேனும் கிடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையன்று என்றே பல்லாண்டுகளாக எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் கலைந்தது கடல் கடந்த ஓர் ஊரின் ரயில் நிலையத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியா செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. செய்தி பரவியதும் பழவேற்காட்டிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். மகன் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு கடையில் இருக்கிறார். மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "பிள்ளை பெத்தவளுக்கு மருந்துப்பொடிதான் ஹஜ்ரத், ஒரு பாரமும் இல்லை" என்று சொல்லி ஓர் ஓலைப்பெட்டியை நம் கையில் வைத்தார். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவதில் பெயர் பெற்றவர்கள். அவர் தம் கையாலேயே முடைந்த பெட்டி அது. மூடியைச் சுற்றிலும் சிவப்பு நூலால் நெருக்கித் தைத்திருந்தார். நாமும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம்.

விமான நிலையத்தில் முகப்பிலிருந்த பெண், "இந்தப் பைகளை நீங்களேதான் கட்டினீர்களா? பிறர் கொடுத்தது ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். நாமே கட்டியது, வேறொன்றும் இல்லை என்று கூறிவிட்டோம். வரிசை நீளமாக இருந்தது. விளக்கம் சொல்லப் பொழுதில்லை என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டோம். பொய்யைப் பற்றி மாணவர்க்குப் பாடம் நடத்துகிறவர் நாம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கோலாலம்பூரில் வெள்ளிக்கிழமை காலை இறங்கினோம். வடக்கே செல்லும் ரயில் மாலையில்தான். ஜும்ஆவுக்கு மஸ்ஜித் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும். பையை என்ன செய்வது?

நம் தகப்பனார் காலத்தில் இக்கேள்விக்கு இடமே இல்லை. 'ரஜூலா' கப்பலிலும் பின்னர் 'சிதம்பரம்' கப்பலிலும் சென்னையிலும் நாகையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள், தகரப் பெட்டியைத் தோளில் வைத்து நேரே ஊர்க்காரர் கடைக்குப் போவார்கள். கடையின் பின்கட்டில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கியிருக்கும். மூடியில் வெள்ளை வண்ணத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். 1985இல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றியதோடு அந்தப் பயணமே முடிவுற்றது. இப்போது நான்கு மணி நேரத்தில் பறந்து இறங்குகிறோம். போய் இறங்கிய ஊரில் நம்மை எதிர்பார்த்து ஒருவரும் நிற்பதில்லை.

ஆகவே நிலையத்தில் வரிசையாக நின்ற இரும்புப் பெட்டகங்களிடம் சென்றோம். லாக்கர் என்று அங்கும் அதே பெயர்தான். அளவுக்கேற்ற ஒன்றைத் தேர்ந்து கட்டணத்தைப் போட்டால் கதவு திறக்கிறது, மூடினால் பூட்டிக்கொள்கிறது, எண் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டு வெளியே வருகிறது. ஒரு மனிதர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஓலைப்பெட்டியுடன் பையை உள்ளே தள்ளிவிட்டு, சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

இங்கே ஒரு மஸ்அலா இருக்கிறது. நம் சென்னை சென்ட்ரல் நிலையத்தின் கிளோக் ரூமில் பையைக் கொடுத்தால், மேசைக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, கையால் வாங்கி, ரசீது தருகிறார். கொடுத்தலும் ஏற்றலும் அங்கே நிகழ்கின்றன. ஷரீஅத் சட்டம் 'வதீஅத்' என்று கூறுவது அதுவே. கூலி பெற்றுக் காப்பவர், தடுத்திருக்கக்கூடிய களவு போன்றவற்றால் பொருள் போனால் ஈடு தர வேண்டும் என்பது ஹனபீ சட்டம். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா'விலும் அது விதியாக இடம் பெற்றிருக்கிறது. ஆனால் இரும்புப் பெட்டகத்தில் ஏற்றவர் யார்? ஒருவருமில்லை. நாம் கொடுத்தது ஓர் இடத்துக்கான வாடகை மட்டுமே. காவலர் என்ற பொறுப்பு நம்மை விட்டு இறங்கவே இல்லை. மூதாட்டி பொருளை நம்மிடம் கொடுத்தாரேயன்றி, நிலையத்திடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குத் தக்க காவலிடம் உண்டு, அதை 'ஹிர்ஸ்' என்பர் என்று எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! ஆட்டுக்குத் தொழுவம், பொன்னுக்குப் பூட்டிய பேழை. மருந்துப்பொடிக்கு இரும்புப் பெட்டகம் தாராளம் என்று அமைதியாக நடந்தோம்.

மஸ்ஜித் இந்தியாவில் கஹ்ஃபு சூரா ஓதுகையில் பக்க அடையாளத்துக்கு அந்தச் சீட்டை ஓதற்பிரதிக்குள் செருகினோம். தொழுகை முடிந்து பிரதியை அலமாரியில் வைத்துவிட்டு, சந்தித்த ஊர்க்காரர் ஒருவருடன் உண்ணச் சென்றுவிட்டோம். அஸருக்குப் பின்னர்தான் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரே நிறத்தில், ஒரே பதிப்பில், வரிசை வரிசையாகக் குர்ஆன் பிரதிகள். பள்ளிவாசல் ஊழியரும் நாமும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை. ரயிலும் போய்விட்டது.

நிலையத்து அலுவலர் நடுவயது மலாய்க்காரர். கடிந்துகொள்ளவில்லை. "உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள், திறந்து பார்க்கிறேன்" என்றார். அங்கே துப்புரவுப் பணி செய்த ஒரு தமிழர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். உடைகள், இரண்டு கிதாபுகள், ஓர் ஓலைப்பெட்டி என்றோம். பெட்டியில்? மருந்துப்பொடி என்றோம். திறந்தார், சொன்னவை எல்லாம் இருந்தன. சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தார். இது பிறர் பொருள், தைத்தபடி சேர்ப்பிக்க வேண்டும் என்று நாம் தயங்கியபோது அவர், "அமானா" என்றார். மலாயிலும் அதே சொல்தான். தலையை அசைத்துவிட்டு, "எனினும் பிரிக்கத்தான் வேண்டும்" என்று கூறிக் கத்தரியை நம்மிடமே நீட்டினார்.

முத்திரையிட்ட பையை ஒப்புக்கொண்டவன் அதன் முத்திரையை உடைத்தால் உள்ளிருப்பதற்குப் பொறுப்பாளியாகிறான் என்பது ஷாபிஈ மத்ஹபில் ஏற்றம் பெற்ற சொல். அதை அறிந்தே அறுத்தோம். கை நடுங்கியது உண்மை.

மேலே பொடி, அதன் கீழே பனங்கற்கண்டு, அடியில் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் குழந்தைக்கான இரண்டு சிறிய பொன் தோடுகள்.

அலுவலரின் முகம் மாறிவிட்டது. மருந்து என்றவரின் பெட்டியில் பொன் இருந்தால் அவர் என்ன நினைப்பார்? வேறொருவர் பெட்டகத்துக்கு நாம் உரிமை கொண்டாடுவதாகவே தோன்றும். கைப்பேசியில் மூதாட்டியை அழைத்தோம். அங்கே மாலை ஆறு. பழவேற்காட்டில் பிற்பகல் மூன்றரை. ஒலியைப் பெரிதாக்கி வைத்தோம். பெட்டிக்குள் என்ன வைத்தீர்கள் அம்மா என்றோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "தங்கம்னு சொன்னா நீங்க எடுத்துக்கிட்டுப் போவீங்களா ஹஜ்ரத்?" என்றார். அடையாளம் கேட்டோம். பூ வடிவம், ஏழு கல், ஒன்றில் ஒரு கல் விழுந்திருக்கும், முடிச்சு மகனின் பழைய சட்டைத் துணி, நீலக்கோடு போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தமிழர் மலாயில் சொல்லச் சொல்ல, அலுவலர் தோட்டை விளக்கருகே பிடித்துக் கற்களை எண்ணினார்.

கண்டெடுத்த பொருளுக்கு உரியவர் யாரென அறிய அதன் உறையையும் கட்டிய கயிற்றையும் கவனித்துவைக்குமாறு பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியிருப்பதை ஹதீஸ் வகுப்பில் வருடந்தோறும் ஓதுகிறோம். அதை ஓர் அலுவலக மேசையில் கண்ணால் கண்டது அன்றுதான்.

நாம் கேள்வியைத் தொல்லையாகக் கருதினோம்; ஆயின் ஒன்றும் கேட்காத பெட்டகத்தால் நேர்ந்தவையும் உண்டு. 1939 ஜூலையில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மூட்டை வைப்பறையில் குண்டு வெடித்து ஒருவர் மாண்டார். 1975 டிசம்பரில் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் காசு போட்டுத் திறக்கும் பெட்டகங்களிடையே வெடித்த குண்டு 11 உயிர்களைக் குடித்தது. ஜப்பானில் 1970களில் பிறந்த சிசுக்களையே நிலையத்துப் பெட்டகங்களில் விட்டுச் சென்ற கொடுமை நிகழ்ந்தது. இவற்றின் நிழல் இன்று எல்லாப் பயணிகள் மீதும் விழுகிறது; தாடியும் தொப்பியும் உள்ளவர் மீது சற்று நீளமாகவே விழுகிறது. ரயிலில் நம்மவர் பலர் பையை மடியை விட்டு இறக்காதிருப்பது பொருள்மீதுள்ள ஆசையால் மட்டுமன்று. அவ்வாறிருக்க, அறியாத பொருளை அறிந்தது போல் நாமே எல்லை கடத்திச் சென்றோம். தோடாக இருந்தது அல்லாஹ்வின் அருள்.

மறுநாள் இரவு பினாங்கில் பெட்டியை மகனிடம் கொடுத்தோம். அறுந்த நூலைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். அவர் தோட்டைப் பார்க்கவில்லை. முடிச்சுத் துணியைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் பழவேற்காடு சென்று மூதாட்டியிடம் மன்னிப்புக் கோரினோம். பொன் என்பதை மறைத்ததற்கு அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தது நம் அறியாமை. "நூல்தானே ஹஜ்ரத், போனாப் போவுது" என்றார். நம் மதரஸா அலமாரிக்குக் கீழே இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது; பை வைப்பவர் முன்னிலையில் திறந்து பார்த்து, பெயரும் பொருளும் எழுதுகிறோம். பீகார்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திறந்து காட்டுகிறார்கள். இதை அவரிடம் சொன்னபோது, உள்ளே சென்று புதிதாக முடைந்த இன்னொரு ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். மூடி தைக்கப்படவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்க. அடுத்தாப்ல எப்பப் போறீங்க?"