மலைமேல் ஒரு வகுப்பறை

வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோர் பலர். ஏரியில் படகு விடவும், குதிரையேறி மகிழவும், குளிரில் நடுங்கியபடி சூடான தேநீர் பருகவும் கோடைக்கானலை நாடுவோர் அவரினும் பலர். ஆனால் அம்மலை ஒரு பள்ளிக்கூடமுமாகும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கரும்பலகையும் மணியும் இல்லாத அப்பள்ளியில் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐம்புலன்களும் மாணவர்கள். பருவகாலமும் வரலாறும் ஆசிரியர்கள். அப்பள்ளியைக் காணும் நோக்குடனேயே கடந்த ஆவணியில் நம் பங்கின் மறைக்கல்விச் சிறாரை அழைத்துக்கொண்டு நாம் மலையேறினோம்.

புறப்படுவதற்கு முன்னரே ஒரு தடை எழுந்தது. சிறுவன் ஒருவனின் தாயார் நம்மிடம் வந்து, “சாமி, இரண்டு நாள் தனிப்பயிற்சி போய்விடுமே! அவன் ஏற்கனவே படிப்பில் பின்தங்கியவன். மலையைப் பார்ப்பதற்கு மதிப்பெண் போடுவார்களா?” என்று கேட்டார். அவருடைய கேள்வியில் பொய்யான கவலை ஏதுமில்லை. வயலில் வருந்தி உழைத்து மகனைப் படிக்க வைப்பவர் அவர். அச்சிறுவனோ, வகுப்பில் எழுந்து ஒப்பிக்கச் சொன்னால் தலைகவிழ்ந்து நிற்பவன். “இரண்டு நாள் பொறுங்கள், அம்மா, பார்ப்போம்” என்று மட்டும் கூறி அனுமதி பெற்றோம்.

வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதையில் வண்டி ஏறத் தொடங்கியதும், “இனிச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மூக்கால் பயணம் செய்யுங்கள்” என்றோம். சிரிப்பொலி அடங்கியபின் மெல்ல மெல்ல மணங்கள் வரத் தொடங்கின. அடிவாரத்துப் புளியமரங்களின் புழுதி மணம் கீழே நின்றுவிட்டது. சில வளைவுகளுக்கு அப்பால் ஈரமண் மணந்தது. பிறகு காற்றில் ஒரு காரநெடி. “தைல மரம்!” என்று முதலில் கூவியது, ஒப்பிக்கத் தெரியாத அதே சிறுவன்தான். பெருமாள்மலை அருகே கூடைகளில் அடுக்கியிருந்த பேரிக்காயையும், கொத்தாகத் தொங்கிய மலைப்பூண்டையும் கண்திறவாமலே அவன் இனங்கண்டான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள கோடைக்கானலை அடையுமுன், உயரம் மாறுந்தோறும் பயிர் மாறும் என்னும் புவியியல் பாடத்தைச் சிறார் மூக்கின் வழியே கற்றுவிட்டனர்.

ஊருக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ளது செண்பகனூர். அங்கே இயேசு சபைக் குருக்கள் 1895ஆம் ஆண்டு திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தென்னகத்தில் பெயர் பெற்றது. பழநிமலைத் தொடரின் பறவைகளும் விலங்குகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அங்கே கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வீற்றிருக்கின்றன. குருமாணவர்கள் மறைநூலைக் கற்ற அதே வளாகத்தில் இறைவனின் படைப்பு நூலும் பக்கம் பக்கமாகப் புரட்டப்பட்டது என எண்ணுகையில் நெஞ்சம் நெகிழ்ந்தது. ஆயினும் நம் சிறாரின் கைகளோ கண்ணாடியின்மீதே பதிந்திருந்தன. கண்டது போதாது, தொட வேண்டும் என்னும் அவா! தொடக்கூடாத பொருள்களைக் காத்து வைப்பது அருங்காட்சியகத்தின் கடமை. தொடக்கூடியவற்றைத் தேடித் தருவதோ ஆசிரியரின் கடமை.

இவ்வுண்மையை உலகுக்கு உரத்து உரைத்த ஒருவர் இதே மலையில் வாழ்ந்திருக்கிறார் என்பது நம் வாசகர் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கலாம். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். 1870இல் இத்தாலியில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி, மருத்துவம் பயின்றவர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூன்று ஞானியர் பெருவிழாவன்று, உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அடக்கி உட்கார வைக்கும் வழக்கத்தை விடுத்து, குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை அளவுள்ள பத்துக் கனசதுரக் கட்டைகளை அடுக்கி, பெரிது சிறிது என்பதைக் கை அறியும். சொரசொரப்பும் வழவழப்பும் கொண்ட பலகைகளை விரல் தடவி அறியும். குலுக்கினால் வெவ்வேறு ஒலி தரும் பெட்டிகளைக் காது இணை சேர்க்கும். மணப்புட்டிகளை மூக்கு வேறு பிரிக்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவியே குழந்தை எழுதக் கற்கும்.

இதனைப் படிக்கும் தமிழருக்கு ஒரு நினைவு வராமற்போகாது. நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதினர் அன்றோ? சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆந்திரூ பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு அம்மணலெழுத்தைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் புகுத்தியதோடு, 1797இல் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். விரல் முதலில் கற்கிறது, அறிவு பின்னர் பெறுகிறது. குருமடத்தில் நாம் பயின்ற மெய்யியலிலும் புனித தோமா அக்குவினாரின் வழிவந்த ஆசிரியர்கள், புலன்களின் வாயிலாக நுழையாதது எதுவும் மனித அறிவில் இல்லை என்றே வற்புறுத்தினர்.

1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கவே, இத்தாலியர் அனைவரும் பிரித்தானிய அரசின் கண்ணுக்குப் பகைநாட்டாராயினர். அவருடைய மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர், 1942 முதல் 1944 வரை, இருவரும் கோடைக்கானலில் வாழ்ந்தனர். இலங்கையைச் சேர்ந்த இலேனா விக்கிரமரத்தின அவர்களுக்குத் துணை நின்றார். வெவ்வேறு வயதுச் சிறார் ஒருங்கே பயின்ற சிறு பள்ளி ஒன்றும் அங்கே நடந்தது.

உலகம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த அந்நாள்களில், மலைச்சரிவில் ஒரு முதியவர் சிறாரோடு பாசியையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருந்தார். விண்மீனும் பாறையும் செடியும் விலங்கும் மனிதனும் ஒரே பெருங்கதையின் உறுப்புகள் என்று சிறாருக்கு உணர்த்தும் கல்விமுறை இம்மலையில்தான் உருப்பெற்று வளர்ந்தது. அம்முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் நீண்ட கரிய துணிச்சுருள் ஒன்றை விரிப்பார்கள். விரிக்க விரிக்க நீண்டுகொண்டே போகும் அத்துணி உலகத்தின் வயது. அதன் கடைசி ஓரத்தில் தெரியும் மெல்லிய கோடே மனிதனின் வரலாறு! நடந்து பார்த்த குழந்தைக்கு ஆண்டுக் கணக்கு காலில் உறைக்கும். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அம்மையார் நொபெல் அமைதிப் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். அமைதியின் விதையைக் குழந்தையின் உள்ளத்தில்தான் ஊன்ற வேண்டும் என்பது அவர் கொள்கை.

மறுநாள் காலை, பைன் மரக்காட்டில் அவர் கையாண்ட ‘மௌனப் பாடத்தை’ நாமும் நடத்திப் பார்த்தோம். அசையாமல், பேசாமல், காது மட்டும் விழித்திருக்க வேண்டும். தொடக்கத்தில் செருமலும் சிரிப்பும் எழுந்தன. பிறகு காடு பேசத் தொடங்கியது. ஊசியிலைகளில் மூடுபனி திரண்டு சொட்டும் ஒலியைக் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். தன் இதயம் துடிப்பது கேட்டதாக மற்றொருவன் சொன்னான். திருப்பலியில் நற்கருணை பெற்றபின் காக்கும் மௌனத்தைப் பற்றி நாம் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியதுண்டு. அன்று அதனை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இறங்கும் வழியில் பண்ணைக்காடு சென்று, தாண்டிக்குடிப் பாதையைப் பிடித்தோம். காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே பழங்காலத்துக் கற்திட்டைகள் உள்ள பகுதி அது. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் ஏற்றி, இறந்தோருக்கு எழுப்பிய நினைவிடங்கள் அவை. இரும்புக்கால மக்களின் கைவேலை. செண்பகனூர் இயேசு சபையைச் சேர்ந்த ஆங்லாது அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் இவற்றை அளந்து ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. “ஏறக்கூடாது, கீறக்கூடாது; உள்ளங்கையை மட்டும் வையுங்கள்” என்றோம். கல் குளிர்ந்திருந்தது. “இதைத் தூக்கி வைத்தவருக்கும் இப்படித்தான் குளிர்ந்திருக்குமா, சாமி?” என்று கேட்டான் நம் சிறுவன். வரலாற்று நூலில் ஒரு வரியையும் ஒப்பிக்க இயலாதவன் வரலாற்றின் ஆணிவேரான கேள்வியைக் கேட்டுவிட்டான்! முன்னோரும் நம்மைப்போல் தசையும் தோலும் கொண்டு குளிரில் நடுங்கிய மனிதரே என்று உணர்வதுதானே வரலாறு?

மலையின் மற்றொரு கடிகாரம் குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளை நீலமாக்கும் அம்மலர் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பை 2030இல் எதிர்பார்க்கலாம். இதனைக் கொண்டு ஊர் திரும்பியதும் ஒரு கயிறு முடிந்தோம். ஒரு முடிச்சு ஒரு குறிஞ்சி. முடிச்சுக்கு முடிச்சு ஒரு சாண். 2018இலிருந்து பின்னோக்கி ஆறாம் முடிச்சருகே மாண்டிசோரி அம்மையார் கோடைக்கானலில் இருக்கிறார். 27ஆம் முடிச்சருகே, 1693இல், ஓரியூர் மணலில் புனித அருளானந்தர் குருதி சிந்துகிறார். 40ஆம் முடிச்சருகே, 1542இல், புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் மணியடித்துச் சிறாரை அழைக்கிறார். 66ஆம் முடிச்சருகே, 1223இல், புனித பிரான்சிஸ் கிரெச்சோ ஊரில் குடில் அமைக்கிறார். 168ஆம் முடிச்சருகே பெத்லகேம்! எண்பத்து நான்கு முழக் கயிறு, கோவில் முற்றத்தைச் சுற்றி வந்தது. செபமாலை மணிகளை உருட்டிப் பழகிய சிறுவிரல்கள் கண்மூடியபடியே அக்கயிற்றைத் தடவித் தடவி மீட்பரின் பிறப்புக்கு நடந்து சென்றன.

இது புதுமுறை என்று யாரும் மலைக்க வேண்டா. தாய்த் திருச்சபை தொன்றுதொட்டு இவ்வாறே கற்பித்து வருகிறது. கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் நீண்ட விளக்கவுரை எழுதித் தரவில்லை. வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்தார். இறைமகன் ஏழையாகப் பிறந்தார் என்பதை ஊரார் மூக்கால் முகர்ந்து, காதால் கேட்டனர். சாம்பல் புதனின் சாம்பல் நெற்றியில் உறுத்துகிறது. குருத்தோலை கையில் சலசலக்கிறது. பாஸ்காத் திரியின் மெழுகு மணக்கிறது. மாண்டிசோரி முறையைப் பின்பற்றிய பார்சலோனாப் பள்ளியில் சிறார் கோதுமையும் திராட்சையும் தாமே பயிரிட்டு வளர்த்தனர்; திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் அவ்விளைச்சலிலிருந்து வந்தன. அச்சிறாருக்கு, ‘மனித உழைப்பின் பயன்’ என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

எனவே பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியரே, மலைக்குச் செல்ல இயலாதோர் வருந்தற்க. திருவருகைக் காலத்தில், கிறிஸ்து பிறப்புக்குப் பத்து நாள் முன்னதாக, ஒரு தட்டில் மண் நிரப்பிக் கேழ்வரகு தூவுங்கள். குழந்தையே நீர் தெளிக்கட்டும். முளைத்த பசுமை குடிலுக்குப் புல்வெளியாகும், காத்திருத்தல் என்றால் என்ன என்பதும் விளங்கும். தவக்காலத்துக்கு முன் சென்ற ஆண்டின் உலர்ந்த குருத்தோலையைத் திரட்டித் தரும் பணியைச் சிறாரிடம் ஒப்படையுங்கள். நவம்பரில் கல்லறைக்கு அழைத்துச் சென்று, கல்லில் வெட்டிய முன்னோர் பெயரை விரலால் தடவிப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டியின் அம்மி, தாத்தாவின் மரக்கால், பழைய செபமாலை ஆகியவற்றை ஒரு துணிப்பைக்குள் இட்டு, தொட்டே பெயர் சொல்லச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றின் கதையையும் வீட்டுப் பெரியவர் கூறட்டும். இவற்றுக்குச் செலவு பெரிதாக இல்லை; பொறுமை மட்டுமே வேண்டும்.

மலையைப் பார்ப்பதற்கு மதிப்பெண் போடுவார்களா என்ற அத்தாயின் கேள்விக்கு, போடமாட்டார்கள் என்பதே நேர்மையான விடை. தேர்வும் வேண்டும், மனப்பாடமும் வேண்டும். செபங்களை மனப்பாடம் செய்யாத விசுவாசி துன்ப வேளையில் சொல்லிழந்து தவிப்பான். ஆனால் சொல் மட்டும் நாவில் ஏறி, பொருள் உள்ளத்தில் இறங்காத கல்வி, தேர்வு முடிந்த மறுநாளே உதிர்ந்துபோகும். அதனினும் கொடிது, ஒப்பிக்கத் தெரியாத குழந்தையை ‘ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று நாம் முத்திரை குத்திவிடுவது. இறைவன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வாயில்களை அமைத்துத் தந்திருக்கிறார். ஒரு வாயில் ஒடுங்கியிருந்தால் மற்ற நான்கின் வழியே உள்ளே செல்வதன்றோ ஆசிரியரின் அறம்! நம் ஆண்டவரும் அத்திமரத்தையும் கடுகு விதையையும் புளிப்பு மாவையும் காட்டியே விண்ணரசைக் கற்பித்தார்.