காயம்பட்டவரைத் தூக்கும் முன்

தை பிறந்தால் நம் பக்கம் தார் ரோடும் களம்தான். பாதி ரோட்டில் நெல் காயும். மீதியில் பஸ், பைக், அறுவடை மெஷின். இருட்டினால் பின்விளக்கு இல்லாத டிரெய்லர். அறுவடை முடிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என்னிடம் எட்டாவது படித்த பையன் ஒருவன், போன வருஷம் மாசியில் அப்படியொரு டிரெய்லரில் மோதிவிட்டான். அக்கம்பக்கத்தார் பதறிப்போய் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போன இடத்தில் முன்பணம் கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் எலும்பு டாக்டர் இல்லை. மூன்றாவது இடத்தில் சேர்க்கும்போது நாலு மணி நேரம் போய்விட்டது. உயிர் தங்கியது; இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

தூக்கிக்கொண்டு ஓடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, பணம். 2021 டிசம்பர் 18-ல் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தொடங்கியபோது ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. காப்பீட்டு அட்டை உண்டா, எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியே இல்லை.

இரண்டு, 108. 2008-லிருந்து ஓடுகிறது, இன்னும் பலர் அதை வெறும் இலவச வண்டி என்றே நினைக்கிறார்கள். வண்டியிலேயே முதலுதவி தொடங்கிவிடும். இப்படி ஒரு கேஸ் வருகிறது என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லவும் ஏற்பாடு உண்டு. அரசு விபத்துப் பிரிவுகளில் வருகிறவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். முதலில் வந்தவர் யார் என்பதல்ல, உயிர் யாருக்கு ஊசலாடுகிறது என்பதே கணக்கு.

வண்டி வரும்வரை ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். போலீஸ், கோர்ட் என்று பயப்படவும் வேண்டாம்; நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்பு தருகிறது.

குத்தாலத்துக்குக் கிழக்கே மயிலாடுதுறை, மேற்கே கும்பகோணம். ராத்திரி 11 மணிக்குத் தலையில் அடிபட்டால் எந்தப் பக்கம் திரும்புவது? எங்கே ஸ்கேன் எடுக்கலாம், எங்கே அறுவை டாக்டர் இருப்பார் என்ற பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லி அடுத்த கிராமசபையில் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.