ராட்டன் மலையடியில் நான்கு விநாடி

துப்பாக்கி என்றால் எனக்கு வங்கி வாசலில் நிற்கும் பாதுகாவலர்தான் ஞாபகத்துக்கு வருவார். மலேசியாவில் வளர்ந்த பலருக்கும் அப்படித்தான். அதனால், அமெரிக்காவின் டென்வரில் வேலை செய்யும் ஈப்போக்காரர், என் பல்கலைக்கழக சீனியர், "ரைஃபிள் போட்டிக்கு ஓர் அஞ்சடி ஆள் தேவைப்படுது, வா தங்கச்சி" என்று கூப்பிட்டபோது சிரித்துவிட்டேன். விடுமுறைக்குப் போன இடத்தில் இது வேறா?

டென்வரிலிருந்து தெற்கே காரில் மூன்றரை மணி நேரம். வலப்பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். ராட்டன் கணவாயில் ஏறி இறங்கினால் நியூ மெக்சிகோ. ஊருக்கு வெளியே 33,000 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது விட்டிங்டன் மையம். அந்தக் காலத்தில் வணிகர்களின் குதிரை வண்டிகள் போன சாந்தா ஃபே பாதை இந்த நிலத்தின் வழியாகத்தான் சென்றது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் அளவுக்கு உயரம். ஆனால் தேயிலை இல்லை, மூடுபனி இல்லை. காய்ந்த புல், மான்கள், காற்று.

போட்டி ஒரு நோயாளிக்காக. மன்றத்தில் பல வருடங்களாகத் தொண்டு செய்தவருக்குப் புற்றுநோய். நுழைவுக் கட்டணம் முழுவதும் அவருடைய மருத்துவச் செலவுக்கு. சீனியர்தான் 'ஸ்டேஜ்' வடிவமைப்பாளர். ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரு சின்னப் புதிர்: 90 விநாடி, பத்துத் தோட்டா, தூரத்தில் எஃகுத் தகடுகள். படுத்துச் சுடலாம், மரத்தடுப்பில் சாய்ந்து சுடலாம், கூரைபோல் சரிந்த பலகையில் முட்டி போட்டும் சுடலாம். இடம் மாறும்போது போல்ட் திறந்திருக்க வேண்டும், குழல்முனை இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். இதில் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மன்னிப்பே கிடையாது.

முந்தைய நாள் மாலை அவருக்குப் பிடித்த ஸ்டேஜில் என்னை நிறுத்தினார். உயரமான மரத்தடுப்பு, அதன் மேல்விளிம்பிலிருந்து மூன்று இலக்குகள். பார்க்கவே அட்டகாசம். ஆனால் எனக்குத் தெரிந்தது பலகை மட்டும்தான்.

"நுனிக்காலில் நில்லு."

"அண்ணே, நுனிக்காலில் நின்னு யாராவது சுடுவாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. நோயாளியின் மனைவி கணவருடைய இடத்தில் கலந்துகொள்வதாக அன்று காலைதான் தகவல் வந்திருந்தது. அவரும் என் உயரம்தான். ஆறடி ஆளுக்கு விளையாட்டு, அஞ்சடிக்காரருக்குச் சுவர்! டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் அந்தத் தடுப்பில் வெவ்வேறு உயரத்தில் மூன்று ஓட்டைகள் அறுத்தார்கள். எல்லாரும் மூன்றிலிருந்தும் சுட வேண்டும். உயரமானவர் குனியட்டும்.

அடுத்த தலைவலி காற்று. ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர் தூரத்தில், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக்காற்று தோட்டாவை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அங்கே தொங்கும் தகட்டின் அகலமோ அரை மீட்டர். தூர இலக்குகள் எல்லாவற்றையும் மேட்டில் ஒரே ஸ்டேஜில் வைத்திருந்தார். குழுக்கள் மாறி மாறிச் சுற்றி வருவதால், காலையில் அங்கே போகும் குழுவுக்கு அமைதி, பிற்பகலில் போவோருக்குச் சூறை. கடைசியில் தூர இலக்குகளை நான்கு ஸ்டேஜ்களுக்குப் பிரித்துவிட்டார். எல்லாருக்கும் கொஞ்சம் அமைதி, கொஞ்சம் சூறை. ஒவ்வொரு ஸ்டேஜிலும் முதல் தகடு மட்டும் பெரிது. புதிதாக வந்தவரும் ஒருமுறையாவது 'டிங்' சத்தம் கேட்க வேண்டும் என்றார்.

எங்கள் வானொலிப் போட்டிகள் நினைவுக்கு வந்தன. முதலில் லைன் கிடைப்பவருக்குப் பரிசு என்று வைத்தோம். வாரா வாரம் அதே ஐந்து குரல்கள்தான் ஜெயித்தன. மற்ற நேயர்கள் சண்டை போடவில்லை, கூப்பிடுவதைத்தான் நிறுத்திவிட்டார்கள். இங்கே ஆட்கள் குறைந்தால் அடுத்த முறை இன்னொரு நோயாளிக்குப் போகும் பணம் குறையும்.

போட்டியன்று அந்த அக்காவின் குழுவோடு நடந்தேன். தடுப்பில் இரண்டு ஓட்டைகள் அவருக்குச் சரியாக அமைந்தன. மூன்றாவதற்கு அவரும் எக்கத்தான் வேண்டியிருந்தது. பத்துக்கு நான்கு. பிற்பகலில் ஆயிரம் கஜத் தகடு. முதல் இரண்டும் போயே போச்சு. காற்றுக்கு ஈடாகக் குறியை இன்னும் தள்ளி வைத்து மூன்றாவதைச் சுட்டார். தோட்டா போய்ச் சேர ஒன்றரை விநாடி, சத்தம் திரும்பி வர இரண்டரைக்கும் மேல். வானொலியில் நான்கு விநாடி மௌனம் என்றால் மேலாளர் ஸ்டூடியோவுக்கே ஓடி வந்துவிடுவார். இங்கே முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

டிங்.

பரிசுகள் குலுக்கல் முறையில். கடைசி இடத்தில் வந்த பையனுக்கு விலையுயர்ந்த தொலைநோக்கி. முதலில் வந்தவருக்கு ஒரு தொப்பி. "இது என்னய்யா நியாயம்?" என்ற தோரணையில் முணுமுணுத்துக்கொண்டேதான் அவர் தொப்பியை மாட்டினார். எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. திரும்பி வரும் வழியில் அதைச் சொன்னேன். சீனியர் காதில் வாங்கவே இல்லை. மூன்றாவது ஓட்டையை எத்தனை அங்குலம் இறக்கலாம் என்று டிரினிடாட் வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.