மூவார் முனையில் ஒரு ‘டக் டக்’

மூவார் என்றதும் நம்மில் பலருக்கு மீ பண்டுங்கும், பாரிட் ஜாவா அசாம் பெடாசும்தான் முதலில் நினைவுக்கு வரும். பிறகு ஆற்றோரம், தஞ்சோங் எமாஸ் பூங்கா, வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகள். பண்டார் மகாராணி என்ற அழகான பெயரும் இந்த ஊருக்கு உண்டு. தோட்டத்திலிருந்து கார் ஓட்டி வருகிறவர்களுக்கு மூவார் இன்னொரு உதவியும் செய்கிறது. தங்கள் காரின் குரலை அங்கேதான் அவர்கள் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

பாகோ, பஞ்சோர் பக்கத் தோட்டங்களின் செம்மண் பாதையில் கார் முழுவதுமே ஆடும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யார் கண்டார்? கடற்கரைப் பக்கம் போனால் பாரிட் ஜாவா, பாரிட் பக்கார் என்று ஊர்ப் பெயர்களிலேயே வாய்க்கால் ஓடுகிறது. அங்கே மண் இளகியது. தார்ச்சாலையும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். மூவார் நகருக்குள் நுழைந்தால் கதை வேறு. மெதுவாகப் போகவேண்டும். முனைக்கு முனை திரும்பவேண்டும். இருபுறமும் கடைச்சுவர். கண்ணாடியை இறக்கிவிட்டால், சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதி நம் காதுக்கே திரும்பி வரும்.

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு துணிமணி வாங்கப் போனபோது எங்கள் காரிலும் அப்படி ஒன்று கேட்டது. இடப்பக்கம் திரும்பினால் சத்தமில்லை. வலப்பக்கம் திரும்பினால் ‘டக், டக், டக்’. ஒரு பட்டறையில் காட்டினோம். ஸ்டீரிங் ரேக்கையே மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதி.

வேறோர் இடத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். “சாமான் மாத்துறது அப்புறம் வாத்தியாரே, மொதல்ல சத்தத்தைக் கேப்போம்” என்றார். பின்பெட்டியைத் திறந்து ஜாக்கியும் உபரி டயரும் உருளுகின்றனவா என்று பார்த்தார். சக்கர நட்டுகளை முடுக்கிப் பார்த்தார். அதன் பிறகே காரை ஒரு காலி இடத்துக்கு ஓட்டச் சொன்னார். அன்று அவர் செய்து காட்டிய சோதனைகளை யாரும் செய்து பார்க்கலாம்.

முதலாவது: ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, மெதுவாக வட்டமடித்தபடி எண்ணெயை லேசாக அழுத்துங்கள். சக்கரம் சுற்றும் வேகத்துக்கேற்ப ‘டக் டக்’ கூடினால், டிரைவ் ஷாஃப்டின் வெளிப்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரத்தில் ஏறும். ஆகவே அப்போது கேட்கும் சத்தம் பெரும்பாலும் இடப்பக்க ஜாயிண்டினுடையது.

இரண்டாவது: காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, மற்றவர் முன்மூடியைத் திறந்து அப்சார்பரின் தலைப்பகுதியில் கைவைத்துப் பார்க்கட்டும். ‘டங்’ என்று கையில் அதிர்ந்தால் மேல் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது: பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது மட்டும் ‘தொம்’ என்று ஒரே அடியாகக் கேட்டால் பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். காரைத் தூக்கித் தாங்கிக்கட்டை கொடுத்தபின், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ தளர்ந்திருப்பது தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டைராட் முனையின் தளர்ச்சி தெரியும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கடியில் போகக்கூடாது.

எங்கள் கார் முதல் சோதனையிலேயே அகப்பட்டுக்கொண்டது. ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, பட்டறைக்காரர்கள் ‘பூட்’ என்பது, கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறித்திருந்தது.

1970களில் நம்மவர்கள் ஓட்டிய டட்சன் 120ஒய் போன்ற கார்களைப் பின்சக்கரம் தள்ளியது. 1985இல் வந்த புரோட்டான் சாகாவும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் முன்சக்கரம் இழுக்கும் கார்கள். இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும். அதற்கு உதவுவதுதான் இந்த ஜாயிண்ட். உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும். 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் கண்ட முறை இது. குண்டுகளுக்குக் கிரீஸ்தான் உயிர். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். செம்மண் உள்ளே புகும். பிறகு குண்டும் பள்ளமும் ஒன்றையொன்று அரைத்துத் தின்னும்.

உறை கிழிந்ததும் கண்டுபிடித்தால் ஜாயிண்டைக் கழுவி, அதற்குரிய கறுப்பு கிரீஸ் அடைத்து, புது உறை மாட்டினால் போதும். செலவு சிறியது. சத்தம் வந்தபிறகு கிரீஸ் வைத்துப் பயனில்லை, ஜாயிண்டைத்தான் மாற்றவேண்டும். எங்களுக்கும் அதுவே ஆயிற்று. ஆனாலும் முதலில் கேட்ட தொகையில் கால்பங்குகூட ஆகவில்லை.

ஆகவே, மாதம் ஒருமுறை ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து, சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கிரீஸ் தெறித்திருந்தால் விலை பேசும் முன் கணக்குப் போடுங்கள். ‘டக் டக்’ பையைப் பதம் பார்க்கும். ‘தொம்’ உயிரையே பதம் பார்க்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். 1967இல் திறந்த சுல்தான் இஸ்மாயில் பாலத்தில், முன்னும் பின்னும் லாரி வர, பிள்ளைகளோடு போகும்போது அது நடக்கவேண்டுமா? ‘தொம்’ கேட்ட அன்றே காரைப் பட்டறையில் விடுங்கள். சம்பள நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.